பிரிக்ஸ் மீட்டரா, ஹைட்ரோமீட்டரா? தருமபுரி வெயிலில் ஒரு சோதனை

மாங்கூழ் ஆலைக்கு லோடு அனுப்புகிறவர்களுக்கு ‘பிரிக்ஸ்’ பழகிய சொல். பெங்களூரா மாம்பழக் கூழ் 14 பிரிக்ஸுக்குக் குறையக் கூடாது என்பது அந்த வியாபாரத்தின் பொதுவான எதிர்பார்ப்பு. நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்பதுதான் அந்த எண். ஆலையின் ஆய்வகத்தில் மட்டுமே பார்க்க முடிந்த இதை இப்போது ஆயிரத்து சொச்சம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் கை ரிஃப்ராக்டோமீட்டரிலேயே பார்த்துவிடலாம். 0 முதல் 32 வரை அளவுகோல் உள்ள, பேட்டரி தேவைப்படாத சாதாரண மாடல் ஒன்றையும், கண்ணாடி ஹைட்ரோமீட்டர் ஒன்றையும் இந்தக் கோடையில் தருமபுரி மாவட்டத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் அளப்பது சர்க்கரையைத்தான். ஆனால் சாறு புளிக்கத் தொடங்கியதும் ஒன்று சொல்வதை மற்றது மறுக்கிறது.

ரிஃப்ராக்டோமீட்டரில் வேலை சுலபம். முனையில் உள்ள சாய்வான கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணை வைத்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் எண்தான் பிரிக்ஸ். பாலக்கோடு பக்கம் கரும்புத் தோட்டத்தில் இது உடனே பயன்பட்டது. அடிக்கணுச் சாறு 20 காட்டி, நுனிக்கணுச் சாறு 16-லேயே நின்றால் கரும்பு இன்னும் பொறுக்க வேண்டும். இரண்டும் நெருங்கி 18-ஐத் தாண்டினால் வெட்டலாம். சர்க்கரை ஆலை கணக்கிடும் பிழிதிறன் வேறு சங்கதி. இந்த எண்ணைக் காட்டி அங்கே விலை பேச முடியாது. ஆனால் எந்தத் தோட்டத்தை முதலில் வெட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

ஆலைக்கொட்டாய்க்குள் போனால் கருவி கைவிடுகிறது. கொப்பரையில் பாகு இறுக இறுக அளவு 32-ஐத் தாண்டிப் போய்விடும். அங்கே பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் பழைய பதமே மேல். கருவிதான் வேண்டும் என்றால் நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

அடுத்த தொல்லை வெயில். ‘தானாக வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும்’ என்று பெட்டியில் போட்டிருக்கும். இந்த மாடல்களில் அது பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான். நம் ஊர்ச் சித்திரை மதியம் அந்த எல்லைக்குள் அடங்குமா? வெயிலில் கிடந்த கருவியில் சுத்தமான தண்ணீரே பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிக் காட்டியது. நிழலில் கால் மணி நேரம் வைத்து, பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரை விட்டு, திருகைத் திருப்பி பூஜ்ஜியத்தில் நிறுத்திய பிறகு ஒழுங்காக நடந்துகொண்டது.

ஹைட்ரோமீட்டரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பால் சொசைட்டியில் மிதக்கும் லாக்டோமீட்டரின் பங்காளி அது. திரவத்தில் சர்க்கரை கூடினால் மேலே எழும்பும், குறைந்தால் அமிழும். உயரமான ஜாடி வேண்டும், ஒரு டம்ளருக்கு மேல் சாறு வேண்டும், ஒட்டிய குமிழிகள் போக ஒரு சுழற்று சுழற்றிவிட வேண்டும். 20 டிகிரிக்கு அளவு செய்த கருவியை 35 டிகிரிச் சாற்றில் விட்டால் 0.004 குறைத்துக் காட்டும், அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் உடையும். இத்தனை இம்சைக்கும் ஈடாக அது ஒன்றைச் சரியாகச் செய்கிறது: புளித்த சாற்றிலிருந்து மது எவ்வளவு என்று கணக்கிட வழி தருகிறது.

இங்கிலாந்தில் வீட்டிலேயே ஆப்பிள் சைடர் போடுகிறவர்களின் கணக்கு எளிது. புளிக்கும் முன் அடர்த்தி 1.050, புளித்து அடங்கியபின் 1.000 என்றால், வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஆறரை சதவீத மது. 1.050 என்பது பன்னிரண்டு பிரிக்ஸுக்குச் சற்று மேல். நம் பதநீரும் ஏறக்குறைய அந்தச் சுற்றில்தான் இருக்கும். ஆக, விடியற்காலையில் பார்க்கும் பிரிக்ஸே அந்தச் சாறு எட்டக்கூடிய மதுவின் உச்சத்தைச் சொல்லிவிடும். உச்சத்தை எட்டவிடாமல் தடுப்பதற்கு சைடர்காரர்கள் குளிரூட்டுவார்கள், சல்ஃபைட் சேர்ப்பார்கள், சூடாக்குவார்கள். பனையேறிகள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள்.

அந்தச் சுண்ணாம்பு இரண்டு கருவிகளையும் குழப்புகிறது. தெளியாத பதநீரில் ரிஃப்ராக்டோமீட்டரின் கோடு மங்கிப்போகும். மிதக்கும் சுண்ணாம்புத் துகள்கள் ஹைட்ரோமீட்டரைத் தூக்கிவிடும். தெளியவைத்து, துணியில் வடிகட்டிய பிறகே அளக்க வேண்டும்.

புளித்த சாற்றை வீட்டில் தயாரித்துச் சோதிக்க இங்கே வழியில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரி அப்போது அதற்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1965-இல். இடையில் திறந்த கள்ளுக்கடைகளும் 1987-இல் மூடப்பட்டன. வீட்டில் சைடர் போட்டாலும் அதே மதுவிலக்குச் சட்டம்தான். எனவே சோதனைக்கு டாஸ்மாக் ஸ்ட்ராங் பீர் ஒன்றை வாங்கி, வாயு முழுக்கப் போகும்வரை ஊற்றி ஊற்றி ஆற்றினேன். ஹைட்ரோமீட்டர், சர்க்கரைக் கணக்கில் இரண்டுக்குள் நின்றது. ரிஃப்ராக்டோமீட்டர் ஆறரையைத் தாண்டியது.

இரண்டும் பழுதில்லை. மது தண்ணீரைவிட லேசு, ஆனால் ஒளியைத் தண்ணீரைவிட அதிகம் வளைக்கும். மிதவை அதனால் கீழே இறங்கும், ஒளிக்கோடு மேலே ஏறும். பன்னிரண்டில் தொடங்கி முழுக்கப் புளித்துச் சர்க்கரையே தீர்ந்துபோன சாறுகூட ரிஃப்ராக்டோமீட்டரில் சுமார் மூன்று காட்டும். அதைத் தனியாக நம்பினால் இனிப்பு மிச்சமிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்து வைத்தால் முரண்பாடே தகவலாகிவிடுகிறது. புளிக்காத பதநீரில் இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லும். விலகத் தொடங்கினால் மது சேர்கிறது என்று பொருள். தொடக்க அளவு தெரியாவிட்டாலும் அந்த விலகலை வைத்தே சதவீதத்தைத் தோராயமாகக் கணக்கிடலாம். ரோட்டோரப் பதநீரில் லேசான புளிப்பு தட்டுகிறதே என்ற சந்தேகத்துக்கு, என் அனுபவத்தில் நாக்கைவிட நம்பகமான பதில் இதுதான்.

ஹைட்ரோமீட்டர் எப்போதும் அரசாங்கத்தின் கருவியாகவும் இருந்திருக்கிறது. 1816-இல் பிரிட்டிஷ் அரசு வரிக்காக ஏற்றது பார்த்தலோமியூ சைக்ஸின் மிதவையை. அந்த முறையில் ‘ப்ரூஃப்’ என்பது 57.1 சதவீத மது. அதில் முக்கால் பங்குதான் இன்றும் டாஸ்மாக் பிராந்தி பாட்டிலில் அச்சாகும் 42.8.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் கருவியை நம்பவே கூடாது. எத்தனாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலின் அடர்த்தி 0.792. மிதவைக்கு இரண்டும் ஒன்றே. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த மெத்தனால் கலந்த சாராயத்தில் விட்டிருந்தாலும் இது ‘நல்ல சரக்கு’ என்று காட்டியிருக்கும். விஷத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வகத்தின் வேலை.

கரும்பும் மாவும் வைத்திருப்பவர்கள் ரிஃப்ராக்டோமீட்டரை மட்டும் வாங்கினால் போதும். 32 வரை உள்ளதையே எடுங்கள். 80 வரை போகும் மாடலில் கோடுகள் நெருங்கி, பதநீர் அளவில் படிப்பது சிரமம். பதநீர் விற்பவர்கள், கருப்பட்டி காய்ச்சுபவர்கள் ஹைட்ரோமீட்டரையும் சேர்த்துக்கொள்ளலாம், இரண்டாவது ஒன்று உதிரியாக இருக்கட்டும். பயன்படுத்தியதும் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கரும்புச்சாறு காய்ந்து ஒட்டினால் அடுத்த அளவு தப்பும், எறும்பும் வரும்.