புட்டியைத் திறக்கும் முன் புகையின் நிறத்தைப் பாருங்கள்

கிணற்றடியில் ஓடும் என் 5 குதிரைத்திறன் ஆயில் என்ஜினுக்கு டீசலோடு 20 சதவீதம் பயோடீசல் கலந்து ஊற்றுகிறேன். விடியலில் ஹேண்டில் சுற்றினால் வெள்ளைப் புகை. பம்பு முழு இழுவைக்கு வந்ததும் கறுப்புப் புகை. "இதை ஊத்துங்க, புகையே இருக்காது" என்று கடைக்காரர் ஒரு புட்டியைத் தந்தார். அளவு, லிட்டருக்கு 1 மி.லி. உள்ளே இருப்பது சீட்டேன் எண்ணை, அதாவது எரிபொருள் எவ்வளவு எளிதில் பற்றும் என்பதன் அளவை, கூட்டும் எத்தில்ஹெக்ஸைல் நைட்ரேட். கூடவே நாசிலைச் சுத்தம் செய்யும் மருந்தும் உண்டு.

ஒரு வாரம் புட்டியில்லாமலும், ஒரு வாரம் புட்டியோடும் ஓட்டினேன். தினமும் சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன்.

வெள்ளைப் புகை சீக்கிரமே அடங்கியது. ஹேண்டில் சுற்றும் பாடும் குறைந்தது. காரணம் எளிது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது எரியாமல் வெளியேறும் எரிபொருள் துளிகளே வெள்ளைப் புகை. நைட்ரேட் சூட்டில் உடைந்து, எரிபொருளைச் சற்று முன்னதாகவே பற்ற வைக்கிறது. என்ஜின் சூடேறிய பிறகு வித்தியாசம் தெரியவில்லை. அதில் வியப்பில்லை: நல்ல பயோடீசலின் சீட்டேன் எண்ணே 51க்குக் குறையக்கூடாது என்கிறது ஐஎஸ் 15607 தரம்.

கறுப்புப் புகை அசையவில்லை. இரண்டு வாரத் துணிகளும் ஒரே கறுப்பு. பயோடீசலின் எடையில் சுமார் 10 சதவீதம் ஆக்சிஜன். அதனால் கரி குறையத்தான் வேண்டும். குறையவில்லையென்றால் கோளாறு என்ஜினில். மெக்கானிக் நாசிலைக் கழற்றிக் காட்டினார்: பூவாய்த் தூவவேண்டியது சொட்டிக்கொண்டிருந்தது. ஏர் ஃபில்டரிலோ ஒரு பிடி மண். நாசிலை மாற்றி, ஃபில்டரைக் கழுவிய மறுநாளே துணி சாம்பல் நிறத்துக்கு வந்தது.

இன்னொன்று: பயோடீசல் டேங்கின் பழைய கசடைக் கரைத்துக்கொண்டு வரும். தொடக்கத்தில் டீசல் ஃபில்டர் அடைத்து இழுவை குறைந்தால், அதற்கும் புட்டி மருந்தல்ல, ஃபில்டரை மாற்றுங்கள். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். பிஎஸ்-6 வண்டி வைத்திருப்பவர்கள் உலோகம் கலந்த புட்டிகளைத் தொடவேண்டாம். அந்த உலோகத்தின் சாம்பல், வண்டியின் புகை வடிகட்டியில் தங்கிவிடும்.

தீர்ப்பு: காலை வெள்ளைப் புகை மட்டும்தான் தொல்லை என்றால் வாங்கலாம். கறுப்புப் புகை என்றால், அந்தக் காசை முதலில் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.