பண்டித ரமாபாய்: மகளிரியல் வகுப்பிலும் நம் பிரசங்க பீடத்திலும்

சில ஆண்டுகளுக்கு முன் பெண்கள் ஞாயிறு ஆராதனையில் நாம் பண்டித ரமாபாயைக் குறித்துப் பிரசங்கித்தோம். சமஸ்கிருதத்தில் தேர்ந்த பிராமணக் கைம்பெண் ஒருவர் இங்கிலாந்து சென்று 1883இல் ஞானஸ்நானம் பெற்றார். நாடு திரும்பி ஆதரவற்ற பெண்களுக்குத் தாயானார் என்பதே அப்பிரசங்கத்தின் சாரம். ஆராதனை முடிந்தபின், பல்கலைக்கழகத்தில் மகளிரியல் முதுகலை பயின்றுவிட்டு இறையியல் கற்க வந்திருந்த மாணவி ஒருவர் நம்மை அணுகினார். "ஐயா, திரித்துவத்தைக் குறித்து அவர் வாதாடிய கடிதங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று வினவினார். நாம் அவற்றை விட்டுவிடவில்லை. படித்ததே இல்லை என்பதுதான் உண்மை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரே சிறு நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசி வந்திருந்தோம். அவ்வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மகளிரியல் என்னும் துறை நம் நாட்டில் தோன்றிய வரலாறு பலரும் அறிந்ததே. பெண்களின் நிலையை ஆராய 1971இல் அமைக்கப்பட்ட குழு 1974இல் அளித்த 'சமத்துவத்தை நோக்கி' என்னும் அறிக்கை, படித்தவர்களின் மனநிறைவைக் குலைத்தது. அதே 1974இல் பம்பாயின் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாயின் முயற்சியால் ஆய்வுப் பிரிவு ஒன்று தோன்றிற்று. 1981இல் முதல் தேசிய மாநாடும் அங்கேயே கூடியது. மறக்கப்பட்ட பெண்களின் எழுத்தைத் தேடி எடுப்பது இத்துறையின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று. அவ்வாறு மீட்கப்பட்டவர்களுள் ரமாபாயும் ஒருவர். நாம் மறக்காதிருந்த ஒருவரை அவர்கள் மீட்டார்கள் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நாம் நினைவில் வைத்திருந்தது அவருடைய படத்தை. அவர்கள் தேடியதோ அவருடைய வாதத்தை.

அவ்வாதம் எங்கே உள்ளது? வாண்டேஜ் நகரத்து ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் அவருக்கு ஞானத்தாயாக விளங்கிய அருட்சகோதரி ஜெரால்டினுக்கும், செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரித் தலைவி டோரத்தியா பீலுக்கும் அவர் எழுதிய கடிதங்களில் உள்ளது. ஜெரால்டினே திரட்டிவைத்த இக்கடிதங்கள் ஏ.பி. ஷாவைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1977இல் பம்பாயில் வெளிவந்தன. ரமாபாயைப் பணிவற்றவர் என்று கண்டித்தவரின் கைவழியாகவே அவர் குரல் நமக்கு எட்டியிருக்கிறது. அத்தனாசியு விசுவாசப் பிரமாணத்தைத் தம் மனச்சான்று ஏற்காமல் வாயால் மட்டும் அறிக்கையிட அவர் இசையவில்லை. தாமே தெளிவு பெறாத கோட்பாடுகளைத் தம் சிறு மகள் மனோரமாவுக்குப் புகட்டுவதையும் எதிர்த்தார். புலால் உண்ணாத தம் வழக்கத்தைச் சாதிச் செருக்கு என்று கன்னியர் கருதியபோது, கிறிஸ்துவைப் பின்பற்ற உணவை மாற்றவேண்டியதில்லை என்று நின்றார். செல்ட்டன்ஹாமில் ஆண் மாணவர்க்கு அவர் கற்பிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, இந்தியாவில் பணியாற்றிய பேராயர்கள் தடை கூறினர். இந்தியாவில் ஆண்கள் கூடிய சபைகளில் வாதிட்டுப் 'பண்டித' பட்டம் பெற்ற ஒருவருக்கு இத்தடை எப்படி இருந்திருக்கும்! புரோகிதரின் பிடியினின்று விடுபட்டது குருமாரின் பிடிக்குள் புகுவதற்கன்று என்பதே அவர் மறுமொழியின் உட்கருத்து.

இதை நம்மவர் உணராதிருக்க, சபைக்கு வெளியே நின்ற ஜோதிராவ் புலே உணர்ந்தார் என்பது நோக்கற்பாலது. 1885இல் 'சத்சார்' இதழில் அவர் ரமாபாயின் மதமாற்றத்திற்குப் பரிந்து எழுதினார். சாத்திரங்களைக் கற்ற ஒரு பெண் அவற்றில் பெண்ணுக்கும் சூத்திரனுக்கும் இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு வெளியேறினாள் என்பதில், பிறர் மதத்துரோகம் கண்ட இடத்தில், அவர் அறிவின் நேர்மையைக் கண்டார்.

இவ்வளவையும் நமக்குக் காட்டியது மகளிரியல்தான். உமா சக்கரவர்த்தியின் 'வரலாற்றைத் திருப்பி எழுதுதல்' (1998), ரமாபாயின் வாழ்வைச் சாதி, பெண்ணடிமை, அரசு ஆகியவற்றின் பின்னணியில் வைத்து, தேசிய வரலாறு அவரை ஏன் ஒதுக்கியது என்று கேட்கிறது. மராத்தி எழுத்துகளை மீரா கோசாம்பி ஆங்கிலத்தில் தந்ததால்தான் மராத்தி அறியாத நம்மைப் போன்றோர் அவற்றை அணுக முடிகிறது. கௌரி விசுவநாதன் 1998இல் வெளியிட்ட நூலில், ரமாபாயின் கோட்பாட்டு ஐயங்களையே கருப்பொருளாக எடுத்து ஆராய்கிறார். இறையியல் கல்லூரி செய்யவேண்டிய பணியை ஆங்கில இலக்கியப் பேராசிரியர் ஒருவர் செய்திருக்கிறார்.

எனினும் இத்துறையிடம் நமக்கொரு குறை உண்டு. ஆய்வாளரின் ஆர்வம் பெரும்பாலும் 1882 முதல் 1893 வரையுள்ள ஆண்டுகளிலேயே தங்கிவிடுகிறது. 'ஸ்திரீ தர்ம நீதி' (1882), 'உயர்சாதி இந்துப் பெண்' (1887), வாண்டேஜ் கடிதங்கள், 1889இல் தொடங்கிய சாரதா சதன், அதன்மேல் திலகரின் 'கேசரி' தொடுத்த தாக்குதல் ஆகியவை நுணுகிப் பயிலப்படுகின்றன. அதன்பின் வரும் கேட்காவ் முக்தி இல்லத்தின் கால் நூற்றாண்டு விரைவாகக் கடக்கப்படுகிறது. வாதிட்ட ரமாபாய் பாடமாகிறார். செபித்த ரமாபாய் சங்கடமாகிறார். 1905இல் முக்தியில் நிகழ்ந்த எழுப்புதலை, அதுவரை தெளிவாகச் சிந்தித்த ஒருவரின் சரிவுபோலக் கருதும் தொனி சில எழுத்துகளில் தென்படுகிறது. பஞ்சத்தில் பொறுக்கியெடுக்கப்பட்ட பெண்கள், எழுத்தறியாதோரும் தாழ்த்தப்பட்டோரும் உட்பட, குருவானவர் எவருடைய இசைவுமின்றிச் சபையில் வாய்திறந்தார்கள். சாட்சி பகர ஊர் ஊராய்ப் போனார்கள். முக்தியில் பணியாற்றிய மின்னி ஆபிராம்ஸ் 1906இல் எழுதிய நூல் சிலி நாட்டின் மெதடிஸ்டு சபையைக்கூட அசைத்தது. பெண்கள் பேசிய வரலாற்றைத் தேடும் துறை, அவர்கள் ஆவியில் பேசினார்கள் என்பதற்காகச் செவியை மூடிக்கொள்வது முறையன்று.

அதனினும் பெரிய இழப்பு, அவருடைய மராத்தி வேதாகமத்தைப் பற்றியது. தம் வாழ்வின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஈடுபட்ட பணி அதுவே. எபிரெயமும் கிரேக்கமும் கற்றார். முக்தியின் அச்சகத்தில் பெண்களே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். நாம் வியப்பது இதற்காக மட்டுமன்று. தந்தை அனந்த சாஸ்திரி தம் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்தமைக்காகப் பழிக்கப்பட்டவர். தாயிடம் அம்மொழியைப் பயின்ற ரமாபாய்க்கு 1878இல் கல்கத்தாவில் புகழ் தந்ததும் அதுவே. அத்தகையவர், வழக்கிலிருந்த மராத்தி வேதாகமத்தின் சமஸ்கிருதச் சாயல் எளிய பெண்களுக்கு எட்டாதென்று கண்டு, அவர்கள் பேச்சுக்கு நெருங்கிய சொற்களைத் தேடினார். தம்மை உயர்த்திய மொழியைத் தாமே இறக்கிவைத்தார். அறிவு யாருக்குரியது, எந்தச் சொல் யாரை வெளியே நிறுத்துகிறது என்பனவே மகளிரியல் வகுப்பின் முதல் வினாக்கள் என்றால், அவற்றுக்கு ரமாபாய் தந்த மிக விரிவான விடை இம்மொழிபெயர்ப்பே. 'சமயம்' என்ற பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருப்பதால் பல்கலைக்கழகம் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. நாமோ 'பக்தி' என்ற சீட்டை ஒட்டிவிட்டு அதையே செய்கிறோம்! (தமிழ் வேதாகமத்தின் வடசொற்களைப் பற்றி நம்மிடையே நெடுநாளாக வாதம் நடக்கிறது. அச்சொற்கள் எந்தப் பெண்ணின் காதில் எப்படி விழுகின்றன என்று அவ்வாதத்தில் எவரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை.)

கடிதங்கள் எழுதியவரும் மொழிபெயர்த்தவரும் ஒரே பெண் என்பதை இரு தரப்பும் ஏற்கத் தயங்குகின்றன. 1885இல் ஜெரால்டினின் சொல்லை இறுதிச் சொல்லாக ஏற்க மறுத்த அதே மனம்தான், ஏற்கெனவே உள்ள மொழிபெயர்ப்பையும் இறுதியானதென ஏற்க மறுத்தது. மூலத்தை நானே படிக்கவேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான வேட்கை. அவர் பிற்காலத்தில் நற்செய்திப் பற்றில் ஆழ்ந்தாரென்பது உண்மை. 1907இல் எழுதிய சாட்சியில், தாம் முன்னர்க் கிறிஸ்தவ மதத்தைக் கண்டிருந்தும் கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்னும் கருத்தை வெளியிடுகிறார். ஆனால் அவ்வனுபவத்தையும் எந்தப் பேராயரும் அவருக்கு வழங்கவில்லை. தேடிக் கண்டார்.

இறையியல் கல்லூரிகளில் பெண்ணிய இறையியல் இன்று பாடமாக உள்ளது. மேலைநாட்டு நூல்கள் பலவும் அதில் இடம்பெறுகின்றன, அவை வேண்டியவையே. ஆயினும் நம் நாட்டுப் பெண்ணொருத்தி நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து இயலில் தொடுத்த வினாக்களை, கோட்பாட்டு வகுப்பில் கோட்பாடாகவே வைத்து விவாதிப்பதை நாம் காணவில்லை. அவர் மிஷன் வரலாற்றுத் தாளில், தொண்டு நிறுவனங்கள் என்ற தலைப்பின்கீழ் இருக்கிறார். அத்தாளை வகுத்தவர்களுள் நாமும் ஒருவர்.

அம்மாணவி தம் ஆய்வேட்டுக்கு ரமாபாயின் மொழிபெயர்ப்பில் லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களை எடுத்துக்கொள்ள விரும்பினார். மரியாளின் பாட்டை அவர் எந்தச் சொற்களில் தந்தார் என்று அறியவேண்டுமாம். நம் நூலகத்தில் ரமாபாயைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகள் ஆறு இருந்தன. அவருடைய வேதாகமம் இல்லை. மராத்தி அகராதியும் இல்லை. கடிதங்களின் படியை மட்டும் வேறொரு நூலகத்திலிருந்து பெற்றுத் தந்தோம். மராத்தி எழுத்துகளை அவர் இப்போது கற்று வருகிறார்.