குருதியும் பொறுப்பும்: 'சுகிஹிமே' மறுபடைப்பைக் குறித்து

இரத்தக் காட்டேரிக் கதை என்றவுடன் இறையியல் மாணவர் முகஞ்சுளித்தல் இயல்பே. ஆயினும், கொலையுண்டவள் திரும்பி வந்து கொலைஞனிடம் கணக்குக் கேட்கும் ஒரு கதையைப் புறக்கணிக்க நமக்கு மனம் வரவில்லை.

'நிலவு இளவரசி' எனப் பொருள்படும் 'சுகிஹிமே' 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் வெளியாயிற்று. அன்று 'டைப்-மூன்' என்பது ஆர்வலர் சிலரின் சிறு குழு. எழுதியவர் நாசு கினோகோ. ஓவியர் டாகேயுச்சி தகாஷி. இதன் மறுபடைப்பின் முதற்பகுதி 2021 ஆகஸ்டிலும், அதன் ஆங்கில வடிவம் 2024-லும் வந்தன. இது காட்சிப் புதினம் என்னும் வகையைச் சார்ந்தது. திரையில் எழுத்தாய்க் கதை ஓடும். படமும் இசையும் துணைநிற்கும். இடையிடையே கதாநாயகன் செய்யவேண்டியதை வாசகரே தெரிந்தெடுக்க வேண்டும். தவறினால் அவன் மாள்வான். உடனே வேடிக்கையானதொரு வகுப்பறை தோன்றி, எங்கே பிழை நேர்ந்தது என்று கற்பித்து, வாசகரைத் திருப்பி அனுப்பும்.

கதாநாயகன் ஷிகி சிறுவயதில் சாவின் வாயில்வரை சென்று மீண்டவன். அன்றுமுதல் எப்பொருளிலும் எவ்வுயிரிலும் அதன் அழிவைக் குறிக்கும் கோடுகள் அவன் கண்ணுக்குத் தெரிகின்றன. அக்கோட்டின்வழி கத்தியைச் செலுத்தினால் எதுவும் பிளந்துபோகும். ஒருநாள் வழியிற் கண்ட அறிமுகமற்ற பெண்ணைப் பின்தொடர்ந்து, காரணமின்றி 17 துண்டுகளாக வெட்டிவிடுகிறான். ஆர்குயிட் என்னும் அவள் காட்டேரிகளின் மூலகுலத்தைச் சேர்ந்தவள். மறுநாள் உயிரோடு அவன்முன் நிற்கிறாள். அவள் நாடுவது பழிவாங்குதல் அன்று. தன்னைக் கொன்றதற்கு அவன் பொறுப்பேற்க வேண்டும், தன் வேட்டைக்குத் துணைவர வேண்டும் என்கிறாள். காதல் இங்கே பிறக்கிறது.

காட்சி வலிமையானது, ஆனால் சற்று மலிவானது என்றும் சொல்லவேண்டும். செத்தவள் எழுந்துவிட்டாள். இனி ஷிகியின் மனவேதனை எவ்வளவு மெய்யாயினும், அவன் செயல் அழிக்கப்பட்டுவிட்டது. மெய்யான கொலையில் மன்னிக்கவேண்டியவர் பேசார்.

மறுபடைப்பு தன் வலிமையைக் காட்டுவது சியேலின் கதையில். மூலத்தில் ஐந்து பாதைகளுள் ஒன்றாயிருந்த இது, இங்கே இரண்டனுள் ஒன்றாக உயர்ந்து, பெரிதும் விரித்தெழுதப்பட்டுள்ளது. ரோவா என்பவன் ஒருகாலத்தில் திருச்சபையின் குரு. முடிவிலா வாழ்வை நாடிக் காட்டேரியாகி, பிறர் உடல்களில் மீண்டும் மீண்டும் பிறக்கிறான். (நித்திய வாழ்வுக்கும் சாகாமைக்கும் உள்ள வேற்றுமையை வகுப்பில் விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.) பிரான்சில் ஒரு சிற்றூர்ப் பெண்ணான சியேலின் உடலில் அவன் விழித்தெழுந்து, அவள் கைகளாலேயே அவ்வூர் மக்களை மாய்த்தான். அவன் நீங்கிய பின்னும் அவளுக்குச் சாவு வரவில்லை. பிறகு சபை அவளைக் காட்டேரிகளை வேட்டையாடும் பிரிவில் சேர்த்துக்கொள்கிறது. மறுபிறப்பை மறுக்கும் வாசகம் பொறித்த அவளது ஆயுதத்துக்குப் பெயர் 'ஏழாம் வேதம்'.

வேதத்தையே ஆயுதமாக்கிய இச்சபையைக் கண்டு நாம் சினங்கொள்ள வேண்டியதில்லை. கிறிஸ்தவர் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஒரு விழுக்காடே உள்ள நாட்டில், வெளியிலிருந்து பார்ப்பவர் வரைந்த படம் அது. ஆனால் அப்படத்தில் நீதிமன்றம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. பாவமன்னிப்பை அறிவிக்கும் குரல் மட்டும் நம் செவிக்கு எட்டவில்லை. சியேல் தன் விருப்பமின்றி நிகழ்ந்ததற்கும் தானே குற்றவாளி என்று தீர்த்து, தன்னைத் தானே தண்டித்துக்கொண்டு வாழ்கிறாள். குற்றமில்லை என்று அவளுக்குச் சொல்வது எளிது, அது உண்மையுங்கூட. ஆயினும் அச்சொல் அவளைத் தொடுவதில்லை. ஆற்றுப்பணி செய்வோர் இதனை அறிவர்.

இன்னொன்றையும் கவனித்தோம். முன்சொன்ன வேடிக்கை வகுப்பறையின் ஆசிரியை இதே சியேல்தான். வாசகர் எத்தனை முறை பிழைத்தாலும் முன்னைய நிலைக்குத் திரும்பலாம் என்று கற்பிப்பவள், திரும்பிச்செல்ல ஓர் ஊர் இல்லாதவள். ஆசிரியர் இதனை எண்ணியே அமைத்தாரோ அன்றோ, நகைப்பின் நடுவே அது முள்ளாய்த் தைக்கிறது.

மூலத்திலிருந்த பாலுறவுக் காட்சிகள் நீக்கப்பட்டமை இழப்பன்று. சண்டைக் காட்சிகள் நீண்டமை இழப்பே. சியேலின் மௌனத்தில் தங்கவேண்டிய இடங்களில் ஒளியும் ஓசையும் நுழைந்துவிடுகின்றன.

எஞ்சிய மூன்று பாதைகள் இரண்டாம் பகுதிக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, சிறுவயதிலேயே வீட்டுத் தலைவரால் வதைக்கப்பட்ட கோஹாகு என்னும் பணிப்பெண்ணின் கதை. ஆர்குயிட் எழுந்தாள், சியேலின் ஊரார் எழவில்லை. கோஹாகுவோ சாகாமல் புன்னகையோடு அவ்வீட்டிலேயே பணிசெய்துகொண்டு, பழிவாங்கத் திட்டமிடுகிறவள்.