வரிசை: தகுதியும் நிரலும்

கன்னடம், உருது, தமிழ் ஆகியன அருகருகே வழங்கும் மைசூரு மண்டி மொஹல்லாவில், நியாயவிலைக் கடைமுன் ஒருவர்பின் ஒருவராக நிற்றலைக் கன்னடத்தில் ‘சரதி சாலு’ என்பர். உருதுவில் ‘கதார்’ என்பர். தமிழில் ‘வரிசை’ என்பர். செயல் ஒன்றே. கன்னடத் தொடரில் ‘சரதி’ வந்த முறையையும், ‘சாலு’ நேராக அமைந்த கோட்டையும் சுட்டுகின்றன. தமிழ்ச் சொல்லோ முற்றிலும் வேறான ஒரு பொருளையும் சுமந்து வந்துள்ளது.

புறநானூற்று 121ஆம் பாடலில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம், ஈதல் எளிது, வரிசை அறிதலே அரிது என்கிறார். புலவரிடத்துப் பொதுநோக்கை ஒழிக்கவும் வேண்டுகிறார். திருக்குறளும் (528) அரசனின் பொதுநோக்கிற்கு எதிராகவே வரிசையை நிறுத்துகிறது. பரிமேலழகர் இதனைத் தகுதி என்றே கொள்வார். ஆக, அவரவர் தரமறிந்து வேறுபடுத்திக் காண்பதே இவ்விரு இடங்களிலும் வரிசை. இன்றைய கடைவாயில் வரிசையோ பொதுநோக்கின் வடிவம். முன்வந்தவர் முன்நிற்பர், தரம் அங்கு வினவப்படுவதில்லை. எதனை விலக்குக என்று கபிலர் கேட்டாரோ, அதற்கே அவர் ஆண்ட சொல் இன்று பெயராகியுள்ளது. தற்காலப் பொருளோடு அப்பாடலுள் நுழையும் மாணவர்க்கு, யார் முதலில் வந்தார் என்று அரசன் கணக்கிட வேண்டும் எனப் புலவர் கேட்பதாகவே படும். ‘ஒழுங்கு’ என ஒரு சொல்லால் குறிப்பெழுதிக் கடந்துவிடுவது இக்குறையைத் தீர்க்காது.

‘வரி’ என்னும் கோட்டுப் பெயரோடு இச்சொல்லை இயைத்து, நேர்கோட்டுப் பொருளே முதலானது என வாதிடுதல் கூடும். அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. சரளி வரிசை, சிலம்ப வரிசை ஆகியவற்றில் அடுத்தடுத்து வருதலே கருத்து. கன்னடத்தின் ‘சரளெ வரசெ’, ‘கத்தி வரசெ’ என்பனவும் அத்தகையனவே. தெலுங்கின் ‘வருச’ உறவுமுறையையும் குறிக்கும். தமிழில் அப்பொறுப்பை ‘முறை’ ஏற்றுக்கொண்டது. எனினும் தகுதிப் பொருள் தமிழில் அழிந்துவிடவில்லை. சீர்வரிசைத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கையில் கொடையும் மதிப்பும் நிரலும் ஒருங்கே காணப்படுகின்றன. பொருள்மாற்றம் இத்தகைய சடங்குகளின் வழியே நிகழ்ந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. கோயில்களில் முதல் மரியாதை பற்றி எழும் பூசல்களும், முன்நிற்றல் என்பது வெறும் இடக்குறிப்பன்று என்பதையே காட்டுகின்றன.

தகுதிச் சாயல் இன்றி அடுக்கைமட்டும் சுட்டத் தமிழில் ‘நிரல்’ இருந்தது. தொல்காப்பியத்தின் நிரல்நிறை அதற்குச் சான்று. இன்று அச்சொல் நிகழ்ச்சிநிரலுக்கும் கணினி நிரலுக்கும் சென்றுவிட்டது. தெருவழக்கிற்கு எஞ்சியது வரிசையே. ஆதலின் புறம் 121க்குக் குறிப்பெழுதுவோர் ‘தகுதி வேறுபாடு’ என விரித்தெழுதி, குறள் 528ஐயும் உடன்காட்டல் வேண்டும்.