மாத்திரை அட்டையில் தமிழ் எங்கே?

புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார், முத்துக்குளித்துறை மக்கள் தம் மொழியிலேயே படிக்கவேண்டுமென 1578-இல் கொல்லத்தில் தமிழ்நூல் அச்சிட்டார். அக்கரையில் இன்று ஒருவர் வாங்கும் மாத்திரை அட்டையை மதிப்பிட்டுப் பார்ப்போம்.

கவனக்குறைவுக் கோளாறு சிறுவரோடு நின்றுவிடுவதில்லை; வளர்ந்தோர் பலரிடமும் தொடர்கிறது. அதற்குத் தரப்படும் கிளர்வூட்டும் மருந்துகளுள் ஒன்று மெத்தில்பெனிடேட். மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகியவை மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, கவனம் நிலைக்க உதவுகிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திற்கு உட்பட்டதோடு 'எக்ஸ்' அட்டவணை மருந்துமாகையால், அட்டை மூலையில் 'எக்ஸ்.ஆர்.எக்ஸ்' என்று சிவப்பில் அச்சிடப்படுகிறது. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்ற எச்சரிக்கையும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் உண்டு.

விற்பவருக்கு இது போதும். விழுங்குபவருக்கு?

தொடங்குமுன்னும் தொடரும்போதும் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்க்கவேண்டும். இதயநோய், மனநோய் இருந்தால் மருத்துவரிடம் மறைக்கலாகாது. மாலையில் உட்கொண்டால் உறக்கம் கெடலாம். நெடுநேரம் செயற்படும் மாத்திரையைப் பொடிக்கவோ மென்று தின்னவோ கூடாது. ஒருவேளை மறந்தால் மறுவேளை இரண்டாக விழுங்கக்கூடாது. தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்கு ஒன்று கொடுப்பது ஆபத்து. சட்டப்படி குற்றமும் ஆகும்.

இவற்றைத் தமிழில் அச்சிட அட்டையில் இடமில்லையெனில், உடன் ஒரு துண்டுத்தாள் வைக்கலாமே! அதுவரை, மருத்துவரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், உடல் உங்களுடையது.