மருந்துச் சோதனையும் அறநெறிக் குழுக்களும்

புதிய மருந்து ஒன்று பொதுமக்களின் உபயோகத்திற்கு வருமுன் அதை மனித உடம்பிலேயே சோதித்தறிய வேண்டியிருப்பது வைத்திய சாஸ்திரத்தின் தவிர்க்கவியலாத நிர்ப்பந்தமாகும். அந்த நிர்ப்பந்தத்தின் பாரமெல்லாம் ஏழையின் தலையிலேயே விழுந்துவிடாதபடி காப்பதற்கென்றுதான் அறநெறிக் குழுக்கள் ஏற்பட்டன. அவை அக்கடமையை எவ்வளவு தூரம் நிறைவேற்றுகின்றன என்பதே நம் விசாரணை.

2005-இல் விதிகள் தளர்ந்து, வெளிநாட்டில் நடைபெறும் சோதனைகள் அதே கட்டத்தில் இந்தியாவிலும் நடக்க வழி பிறந்தபின், மேற்பார்வையின் பலவீனம் விரைவிலேயே வெளிப்பட்டது. 2009-இல் கம்மத்திலும் வடோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமியருக்கு, 'செயல்விளக்கத் திட்டம்' என்ற பெயரில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களுள் எழுவர் மாண்டனர். அம்மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆயினும், பெற்றோர் அளிக்க வேண்டிய சம்மதத்தை விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டு அளித்த அநீதி அதனால் நியாயமாகிவிடாது. ஊசியால் ஒருவருக்கும் தீங்கு நேராதிருந்தாலும் அது அநீதியே.

பின்னர் வந்த சீர்திருத்தங்களைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 2013-இல் அறநெறிக் குழுக்களைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. 2019-ஆம் ஆண்டு விதிகளோ, ஏழு பேருக்குக் குறையாத குழுவில் பாதிப்பேர் வெளியாராகவும், ஒரு பெண்ணும் ஒரு சாமானியரும் அங்கம் பெற்றவராகவும் இருக்க வேண்டுமென்று விதித்ததோடு, சோதனையில் தீங்குற்றோருக்கு நஷ்டஈடும் வகுத்தன.

ஆனால், எந்த ஆஸ்பத்திரி சோதனையால் வருமானமும் கீர்த்தியும் பெறுகிறதோ, அந்த ஆஸ்பத்திரியே குழுவை நியமித்து, அதற்கு இடமும் ஊழியரும் தருகின்ற நிலையில், வெளியார் பாதிப்பேர் அமர்ந்திருப்பது மட்டும் சுதந்திரத்தை உண்டாக்கிவிடுமா? மேலும், சோதனை தொடங்குமுன் காகிதங்களைக் கூர்ந்து பரிசீலிக்கும் குழு, தொடங்கியபின் நோயாளியின் கட்டிலருகே செல்வது அரிது. அதற்கு அதிகாரம் உண்டு, வழக்கந்தான் இல்லை. பல பக்கங்களுக்கு நீளும் சம்மதப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பவர், மறுத்தால் இலவச சிகிச்சை நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறாரா என்பதை எந்தக் காகிதமும் காட்டாது.

கட்டுப்பாடு மிகுந்தால் ஆராய்ச்சி முடங்கும் என்போரின் வாதத்திலும் உண்மையில்லாமல் இல்லை. நம் நாட்டு நோய்களுக்கு நம் நாட்டிலே சோதனை நடந்தாக வேண்டும். ஆதலால் வேண்டுவது மேலும் பல படிவங்கள் அல்ல. குழுவின் செலவைப் பொது நிதியிலிருந்து வழங்குவதும், முன்னறிவிப்பின்றிச் சோதனைக் கூடங்களைப் பார்வையிடுவதும், நோயாளியைத் தனியே கண்டு பேசுவதும், முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடுவதுமே உடனே செய்யத்தக்கவை. இவற்றைச் செய்யாத குழு, எத்தனை விதிகளின்படி அமைந்திருப்பினும், ஆஸ்பத்திரியின் அலுவலகமேயன்றி நோயாளியின் காவலன் ஆகாது.