கண்ணாடிப் பேழைக்குள் ஒரு விண்ணப்பம்

உம்ராப் பயணத்தோடு கெய்ரோ மாநகரையும் கண்டு திரும்பும் குடும்பத்தினர் நம்மிடையே உண்டு. பிரமிடுகளையும் அல்-அஸ்ஹரையும் பார்த்தோம், இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தையும் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்தோம் என்பர். அங்கே கண்டது யாது என வினவினால், ‘நம் முன்னோரின் பெருமையைக் கண்டோம்’ என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். பெருமை கொள்வதில் பிழையில்லை. ஆயினும் அப்பொருள்கள் நம்மிடம் வேண்டி நிற்பது பெருமிதம் ஒன்றைத்தானா என்பது ஆராயத்தக்கது.

இவ்வருங்காட்சியகம் தோன்றிய காரணத்தை முதற்கண் நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெய்ரோவின் பழம்பெரும் பள்ளிவாசல்கள் பல சிதைவுற்றுக் கிடந்தன. அவற்றின் விளக்குகளும் மரச் சிற்பங்களும் வணிகர் கைப்பட்டு ஐரோப்பாவுக்குச் சென்றுகொண்டிருந்தன. சுல்தான் காயித்பாயின் பெயர் பொறித்த மிம்பர் ஒன்று இன்று இலண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்பது இதற்குச் சான்று. இந்நிலையில், 1881-இல் அமைக்கப்பட்ட பாதுகாப்புக் குழுவின் முயற்சியால், எஞ்சிய பொருள்கள் அல்-ஹாகிம் பள்ளிவாசலில் திரட்டி வைக்கப்பட்டன. பின்னர் பாபுல் கல்க் பகுதியில் எழுந்த புதிய கட்டடம் 1903 டிசம்பரில் திறக்கப்பட்டது. இன்று அங்கே ஏறத்தாழ 1,00,000 பொருள்கள் உள்ளன. இந்தக் காப்பகம் இல்லையெனில் அவற்றுள் பல நமக்குக் கிட்டியிரா. இந்த நன்றிக்கடனை மறந்து எவரும் அதைக் குறை கூறலாகாது.

முதலில் ‘அரபுத் தொல்பொருள் இல்லம்’ எனப் பெயர் பெற்றிருந்த இது, 1952-இல் ‘இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம்’ ஆயிற்று. ஈரானின் கம்பளமும் துருக்கியின் ஓடும் ‘அரபு’ என்னும் சொல்லுள் அடங்காமையால் இம்மாற்றம் பொருத்தமானதே. ஆனால் ‘கலை’ என்னும் சொல்லே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அழகு பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவையா இப்பொருள்கள்?

அங்குள்ள மம்லூக்கியர் காலக் கண்ணாடி விளக்குகளை எடுத்துக்கொள்வோம். பொன்னும் நீலமும் தீட்டிய அவ்விளக்குகளுள் பல, 1356-இல் கட்டத் தொடங்கிய சுல்தான் ஹஸன் பள்ளிவாசலில் எரிந்தவை. இறைவனின் ஒளியைக் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கோடு உவமிக்கும் ‘அந்நூர்’ அத்தியாயத்தின் 35-ஆம் வசனத்தை இத்தகைய விளக்குகளின் மீது எழுதுவது அக்கால மரபு. உள்ளே எண்ணெய்ச் சுடர் ஏற்றப்பட்டதும் கண்ணாடி ஒளிர்ந்து, இருளில் அவ்வெழுத்துகள் எழுந்து நிற்கும். எழுதப்பட்ட வசனத்திற்கு விளக்கே விரிவுரை ஆகும். இன்றோ விளக்கின் மீது வெளியிலிருந்து ஒளி பாய்ச்சப்படுகின்றது. ஒளி தந்த பொருள் ஒளி பெறும் பொருளாகிவிட்டது.

மிஹ்ராபின் நிலையும் அதுவே. பாத்திமியக் கலீஃபா அல்-ஆமிர் ஹிஜ்ரி 519-இல் (1125) அல்-அஸ்ஹருக்கு அளித்த மர மிஹ்ராபு இங்கே உள்ளது. கிப்லாவைக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட அப்பொருளின் முன் மக்கள் இன்று செதுக்கு வேலைப்பாட்டின் நுட்பத்தைப் பேசுகின்றனர். அது நம்மை எத்திசை நோக்கி நிற்கச் சொன்னது என்பதைப் பேசுவோர் அரியர்.

இவை அனைத்தினும் நெஞ்சைத் தொடுவது அழகு சிறிதுமில்லாத ஒரு கல். ஹிஜ்ரி 31-இல், அதாவது கி.பி. 652-இல், மறைந்த அப்துர் ரஹ்மான் இப்னு கைர் என்பவரின் கல்லறைக் கல் அது. அது உஸ்மான் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்த காலம். எகிப்து முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. ஹஸன் அல்-ஹவாரி என்னும் அறிஞர் 1930-இல் இதனை ஆய்வுலகிற்கு அறிவித்தார். ஆண்டு பொறித்த மிகப் பழைய இஸ்லாமியக் கல்வெட்டுகளுள் ஒன்று என்பதாலும், புள்ளியிடாத தொடக்க கால அரபு எழுத்துக்குச் சான்று என்பதாலும் அறிஞர்கள் இதனைப் போற்றுவர். ஆனால் அக்கல் தன் வாயால் கூறுவது வேறு. இறந்தவருக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டிய பின், இதனைப் படிப்பவரும் அவருக்காகப் பிழைபொறுக்க வேண்டி ‘ஆமீன்’ கூறுமாறு அது கேட்கின்றது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கடந்தும் அந்த விண்ணப்பம் காலாவதி ஆகவில்லை. அதன் முன் நின்று ஆண்டை மட்டும் குறித்துக்கொண்டு நகர்வது, வாசலில் நின்று அழைப்பவரின் உடையைப் பாராட்டிவிட்டு அவருக்கு விடை கூறாமல் போவதை ஒக்கும்.

அப்படியாயின் இவற்றையெல்லாம் பள்ளிவாசல்களுக்கே திருப்பி அனுப்பிவிடலாமே எனச் சிலர் கூறக்கூடும். அது தகாது. 2014 ஜனவரி 24-இல் எதிரிலிருந்த காவல் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த குண்டு அருங்காட்சியகத்தையும் தாக்கிற்று. கண்ணாடி விளக்குகள் சில நொறுங்கின. பழுதுபார்க்கும் பணி முடிந்து மீண்டும் திறக்க 2017 ஆயிற்று. காவலுள்ள இடத்திலேயே இந்நிலை எனின், காவலற்ற இடத்தில் அவை என்னாகும்? பொருள் பேழையிலேயே இருக்கட்டும். அதன் பொருளை வெளியே கொணர்வது காண்போர் கடமை.

அதற்கு வழியும் அரிதன்று. அருங்காட்சியகத்தை ஒட்டிச் செல்லும் முஹம்மது அலி தெரு சுல்தான் ஹஸன் பள்ளிவாசலில் சென்று முடிகின்றது, நடந்தே போகலாம். முற்பகலில் விளக்குகளைக் கண்டவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்று லுஹர் தொழட்டும். உயர்ந்த வளைவுகளிலிருந்து இறங்கும் நீண்ட சங்கிலிகளைக் காட்டி, காலையில் கண்ட விளக்குகள் தொங்கிய இடம் இது எனக் கூறட்டும். அப்துர் ரஹ்மானின் கல்லைக் கண்டால், அது கேட்டதை அங்கேயே கொடுத்துவிடட்டும். ஒரு ‘ஆமீன்’ சொல்ல நுழைவுச் சீட்டு வேண்டுவதில்லை. பயண நேரமும் குறைந்துவிடாது.